என் பெயரில் இருந்த நாற்பத்தேழாம் வரிசை

எங்கள் ஆபீஸில் பதினோரு வருஷம் எல்லோரும் என் பெயரில்தான் வேலை பார்த்தார்கள். கேட்டால் விசித்திரமாக இருக்கும். எனக்கு அது பெருமையாக இருந்தது.

தஞ்சாவூருக்கு வெளியே, வெண்ணாற்றுக்குப் பக்கத்தில், நெல் விதை உருவாக்கி விற்கும் ஒரு தனியார் கம்பெனியின் சோதனை வயல் அது. எட்டு ஏக்கர். முன்னால் ஒரு ஹால், அதை ஒட்டி என் அறை. வயலில் வரிசை வரிசையாகப் புது ரகங்களை நட்டிருப்போம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண். கள உதவியாளர்கள் நாலு பேர் காலையில் வரப்பில் நடந்து உயரம், தூர், பூத்த நாள், நோய் எல்லாம் குறித்துக்கொண்டு வருவார்கள். மத்தியானம் ஹாலில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி உட்கார்ந்து அவற்றை ஏற்றுவார்கள். ஏற்றியதெல்லாம் என் அறையில் இருக்கும் சர்வருக்கு வந்து சேரும்.

ஹால் கம்ப்யூட்டர் சர்வரோடு சேர வேண்டுமென்றால் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் சொல்ல வேண்டும். நான் என்னுடையதைக் கொடுத்து வைத்திருந்தேன். அதன் பிறகு ஹாலில் யார் உட்கார்ந்து எதை எழுதினாலும் சர்வரின் கண்ணுக்கு அது நான் எழுதியது. ரேஷன் கார்டு மாதிரிதான். வீட்டில் எட்டுப் பேர் போய்ச் சர்க்கரை வாங்கினாலும் கார்டில் இருப்பது குடும்பத் தலைவர் பெயர். அந்த ஹாலுக்குக் குடும்பத் தலைவர் நான்.

இது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கம்ப்யூட்டர் ஒருமுறை சேர்ந்துகொண்டு, அதன் பிறகு உட்காருகிற ஒவ்வொருவரும் அவரவர் பாஸ்வேர்டைச் சொல்லி அவரவர் பெயரிலேயே சர்வருக்குள் போகும்படி வைக்க ஒரு வழி இருக்கிறது. அரை நாள் வேலை. படித்து வைத்திருந்தேன். செய்யவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். நான் அந்தப் பூசாரி. ஒருமுறை தரங்கம்பாடியில் மைத்துனர் பெண்ணுக்குக் காதுகுத்து என்று போயிருந்தேன். இங்கே கரண்ட் போய் வந்து கம்ப்யூட்டர் சர்வரை மறந்துவிட்டது. ஆபீஸே கைகட்டி நிற்கிறது என்று போன் வந்தது. கடல் காற்றில் காதைப் பொத்திக்கொண்டு பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பந்தியில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் இல்லாமல் ஒன்றும் நகராது என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டேன். அலுப்பா அது? தித்திப்பு.

நானும் விவசாயப் படிப்பு படித்தவன்தான். வயலில் நிற்கத்தான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வருஷமே, இவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று யாரோ சொல்ல, பிடித்து அறைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். காலில் சேறு பட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த ஏக்கத்தை இந்தச் சாவிக்கொத்து அதிகாரத்தால் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். முப்பது வயதுக்கு மேல், திருவிடைமருதூர் பக்கம் வீடு. இரண்டு பஸ் மாறி வருவார். கள உதவியாளர், ஒப்பந்த வேலை, பங்குனியோடு முடியும். இப்போது மரியாதையாக ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது மனசுக்குள் ‘அவள்’தான்.

வந்த ஒரு மாதத்தில் வயல் முழுக்க அவர் பேச்சாகிவிட்டது. நடவு ஆட்கள் டீ வந்தால் முதல் டம்ளரை அவருக்கு நீட்டினார்கள். இலையைத் திருப்பிப் பார்த்து, நாளைக்கு இங்கே புகையான் பூச்சி வரும் என்பார். வரும். அவர் ஏற்றும் குறிப்புகளை என் அறையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன், எங்காவது தப்பு கண்டுபிடிக்கலாம் என்று. ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. எங்களில் மற்றவர்கள் ‘நல்ல வளர்ச்சி’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். இவரோ வேர் வாசனையைக்கூட எழுதுவார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானும் வயலுக்கு இறங்கினேன், ஷூவோடு. வரப்பில் பத்தடி போவதற்குள் வழுக்கியது. அவர்தான் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். நடவு ஆட்கள் குனிந்து சிரிப்பை மறைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாழ்க்கையை ஒருத்தி என் கண்ணெதிரே வாழ்ந்துகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

அந்தக் கார்த்திகையில் மழை கொட்டியது. வடிகால் வாங்கவில்லை. நட்டு நாளாகாத பயிர் பத்து நாளுக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் இறங்கியபோது எட்டு ஏக்கரும் மஞ்சளாகச் சேற்றில் படுத்திருந்தது. கையால் தொட்டால் தண்டு கூழாக வந்தது. ஒரே ஒரு வரிசை மட்டும் பச்சையாக எழுந்து நின்றது. நாற்பத்தேழாம் வரிசை.

அன்று மத்தியானம் அவர் ஹாலில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். எந்த நாளில் எவ்வளவு தண்ணீர், பக்கத்து வரிசைகளின் நிலை, புது இலை எந்தக் கணுவிலிருந்து கிளம்புகிறது, எல்லாவற்றுக்கும் படம். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். மூழ்கினாலும் பிழைக்கிற ஒரு நெல், இந்த ஊர்க்காரனுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அந்த நாலு பக்கமும் வழக்கம்போல என் பெயரில் சர்வரில் ஏறியது.

அழுகிய வரிசைகளில் குறுகிய கால ரகங்களை உடனே மறுபடி நட்டார்கள். மார்கழியில் சென்னையிலிருந்து எம்.டி. கூப்பிட்டார். எங்கள் சர்வரை அவர் அங்கிருந்தே பார்ப்பார். நாற்பத்தேழு பற்றிய குறிப்பைப் படித்தாராம். கம்பெனி தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு குறிப்பைப் பார்த்ததில்லையாம். திருவிடைமருதூர் பக்கம் புதிதாக ஒரு சோதனை வயல் எடுக்கப்போகிறார்கள், அதற்கு நிரந்தரமாக ஒரு கள அலுவலர் வேண்டும், இப்படிக் கண் உள்ள ஆளைத்தான் போடுவேன் என்றார். பிறகு கேட்டார்.

“ஃபைல்ல உங்க பேரு இருக்கு. நீங்களே வயல்ல எறங்கிப் பாத்தீங்களா?”

அரை நொடிதான். அந்த அரை நொடியில் பதினோரு வருஷ அறை, வழுக்கிய ஷூ, முதல் டீ டம்ளர் எல்லாம் வந்து போயின.

“நம்ம வயல்தானே சார். பாக்காம இருப்பமா.”

பொய் சொல்லவில்லை என்று அன்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ‘நான்’ என்றா சொன்னேன்? ‘நம்ம’ என்றுதானே சொன்னேன். நல்ல வாயன் சம்பாதிக்க நாற வாயன் தின்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாற வாயன் தின்னும்போது என்ன நினைத்துக்கொள்வான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நமக்கும் பசிக்கிறதே என்று நினைத்துக்கொள்வான்.

பொங்கலன்று ஆபீஸ் வாட்ஸப் குழுவில் எம்.டி. வாழ்த்து அனுப்பினார். கடைசி வரியில் நாற்பத்தேழாம் வரிசைக்காக எனக்குத் தனி வாழ்த்து. மற்றவர்கள் கட்டை விரலை உயர்த்தினார்கள். அவர்களுக்கு இது புதிதில்லை, ஹாலில் செய்கிற எல்லாமே அறைக்குப் போய்ச் சேருவதுதானே. நாலு பக்கம் எழுதிய அவரும் போட்டிருந்தார், ‘வாழ்த்துகள் சார்’ என்று, பக்கத்தில் ஒரு கைகூப்பு. அந்தக் கைகூப்பை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று கணக்கில்லை. கிண்டலா, நிஜமா, ஒன்றும் புரியவில்லை. மறுநாள் வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

தை கடைசியில் சென்னையிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. எல்லாக் கிளைகளிலும் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதக் கூடாது. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ஃபோல்டர் வேண்டும், எழுதி முடித்துப் பொது ஃபோல்டருக்கு அனுப்புகிற வரை அதை வேறு யாரும் திறக்கக் கூடாது, சர்வர் பார்க்கிறவர் உட்பட. அந்தக் கடைசி மூன்று சொற்களை மட்டும் யாரோ என்னை நினைத்துக்கொண்டே எழுதியது போல இருந்தது.

பதினோரு வருஷம் தள்ளிப்போட்டதை ஒரு மத்தியானத்தில் செய்து முடித்தேன். ஹாலில் நாலு பேரையும் நிற்க வைத்து விளக்கினேன். இனிமேல் காலையில் உட்கார்ந்ததும் உங்கள் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுந்து போகும்வரை கம்ப்யூட்டர் அதை ஞாபகம் வைத்திருக்கும், போனதும் மறந்துவிடும். மறுநாள் மறுபடி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதவு திறக்காது. சொன்னால் நீங்கள் எழுதுவது உங்கள் பெயரில் ஏறும். மூன்று பேர் தலையாட்டினார்கள், புது வேலை ஒன்று கூடிவிட்டதே என்று. அவர் மட்டும் கேட்டார்.

“முன்னாடி எழுதுனதெல்லாம் என்ன சார் ஆவும்?”

பழசு பழசாகவே இருக்கும் என்றேன். நான் நினைத்தால் மாற்றியிருக்கலாம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அவர் சரி என்று சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டு வைக்கத் திரும்பினார். தட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவே எனக்கு அவமானமாகப் பட்டது.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். முன்பெல்லாம் எல்லோர் எழுத்தும் என் முன்னால் திறந்து கிடக்கும். இப்போது அவர் ஃபோல்டரைத் தட்டினால் உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது, நான் வைத்த சர்வர், என் அறையில் இருக்கும் சர்வர் சொன்னது. பொது ஃபோல்டருக்கு அவர் அனுப்புகிறவற்றின் எண்ணிக்கையைத் தினமும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவர் பெயர். ஆறு, ஒன்பது, பதினான்கு. அவர் ஃபோல்டரின் அளவு மட்டும் வெளியிலிருந்து தெரியும். அது பெருத்துக்கொண்டே போனது. உள்ளே அனுப்பாமல் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. என்னைப் பற்றித்தான் சென்னைக்குப் புகார் எழுதுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பங்குனி வந்தால் அவர் ஒப்பந்தம் முடியும், அதற்குள் அனுப்பிவிடுவார். எனக்கு வர வேண்டிய வயலைக் கடைசி நேரத்தில் தட்டிப் பறிப்பார். ‘எனக்கு வர வேண்டிய’ என்றே நினைத்தேன், வெட்கமில்லாமல்.

மாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அறுவடை முடிந்து எல்லோரும் பின்னால் களத்தில் விதை நெல் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். ஹால் காலி. சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். பூட்டிய ஃபோல்டரைத் திறக்கச் சர்வர் பார்க்கிறவனுக்கு ஒரே ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த ஃபோல்டரின் உரிமையை அவன் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வர் ஒருமுறை கேட்டது, இதுவரை இருந்த அனுமதிகளை எடுத்துவிட்டு முழு உரிமையையும் உங்களுக்கே தரட்டுமா என்று. கேள்வியைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. ஆமாம் என்று தட்டினேன்.

புகார் இல்லை. ஒரே ஒரு பெரிய குறிப்பு. நாற்பத்தேழாம் வரிசையின் முழு வரலாறு, நாற்றங்காலிலிருந்து களம் வரை. தலைப்புக்குக் கீழே ‘முதலில் கவனித்தவர்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்தேன். அதில் என் பெயர் இல்லை. அவர் பெயரும் இல்லை. எங்கள் நடவுக் கோஷ்டியில் வரும் ஓர் அம்மாவின் பெயர் இருந்தது. தண்ணீர் இறங்கிய அன்று வடிகாலில் குப்பை எடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாதான், இந்த ஒரு வரிசை மட்டும் ஏந்திரிச்சிட்டு நிக்குது பாருங்க என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டியதாம். அந்தப் பேச்சை அப்படியே எழுதியிருந்தார். அந்த அம்மாவின் ஊர், எந்த வருஷத்திலிருந்து நம் வயலுக்கு வருகிறார், எல்லாம். கடைசியில் ஒரு வரி, எழுதியவர் என்று மட்டும் தன் பெயர்.

இரண்டு மாதமாக நான் யாரோடு மல்லுக்கு நின்றேன்? தனக்கென்று அந்தப் பெண் எடுத்துக்கொள்ளாத ஒன்றை அவரிடமிருந்து பறித்து வைத்துக்கொண்டு, அவர் பறித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வெட்கத்துக்கு முன்னால் வந்தது பொறாமைதான், முன்பைவிட அதிகமாக. எப்படி முடிகிறது இவரால் என்று. மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை அவர் ஹாலில் உட்கார்ந்து பாஸ்வேர்டைச் சொன்னார். தன் ஃபோல்டரைத் தட்டினார். அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி சொன்னார். மறுபடி அதே. நான் அறை வாசலில் நின்றிருந்தேன், அப்போதுதான் சனிக்கிழமை தட்டிய ‘ஆமாம்’ என் மண்டையில் ஏறியது. பார்ப்பதற்காக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் போயிருந்தேன். நான் சரி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போவதற்குள், ஃபோல்டர் யாருடையது என்று காட்டும் இடத்தை அவர் திறந்துவிட்டார். அங்கே என் பெயர்.

திரையைப் பார்த்தபடியே பேசினார்.

“இதையும் எடுத்துக்கிட்டீங்களா சார்.”

முதல் தடவையே ஏன் எம்.டி.யிடம் சொல்லவில்லை என்று நான்தான் அவரைக் கேட்டேன், என்ன திமிர் பாருங்கள். கம்ப்யூட்டரில் உங்கள் பெயர்தானே இருந்தது, ஒப்பந்த ஆள் சொன்னால் யார் நம்புவார்கள் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எம் பேரு போனா போவுது சார், நான் வேற எங்கயாவது எழுதிப்பேன். அந்தக்கா பேரு உலகத்துல இந்த ஒரு எடத்துலதான் சார் இருந்துச்சு.”

அவர் முன்னாலேயே சென்னைக்குப் போன் போட்டேன். நாற்பத்தேழை நான் பார்க்கவில்லை, ஒரு வரியும் நான் எழுதவில்லை, எழுதியவர் இதோ பக்கத்தில் இருக்கிறார், ஒரே பெயரில் எல்லோரும் எழுதியதால் என் பெயர் விழுந்தது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எம்.டி. கேட்டார். பொறாமைதான் சார் என்றேன். போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டு அறைக்குள் போய் முதல் வேலையாக அவர் ஃபோல்டரை அவர் பெயருக்கே எழுதினேன். அதோடு கார்த்திகையின் அந்த நாலு பக்கத்தையும். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

திருவிடைமருதூர் வயல் அவருக்குப் போனது. அந்தச் செய்தி மறுநாள் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. சுருக்கென்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானமே நான் களத்துக்குப் போனேன், செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு. அந்த அம்மா காயும் நெல்லைக் காலால் கோதிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்த உருவம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். ஆள் அடையாளம் தெரியவில்லை.

“யாரு சார்? உள்ளார ரூம்ல இருக்கறவரா?”

ஆமாம் என்றேன். நாற்பத்தேழாம் வரிசையை நீங்கள்தான் முதலில் பார்த்தீர்களாமே என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. கோதுவதை நிறுத்திவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எம் பேர உள்ளார பொட்டில எழுதி வச்சிருக்கேன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. இன்னும் இருக்கா சார்?”

இருக்கிறது என்றேன். அன்று காலையில் திருப்பி வைத்ததை அவரிடம் சொல்லவில்லை.